தோற்றவன் என்று ஒரு பெயரா?

செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள பேரூர் அனந்தபுரம். அங்கே ஆகட்டும், விழுப்புரம் மாவட்டத்தின் வேறு எந்த ஊரிலும் ஆகட்டும், விடியற்காலையில் சாலைக்கு வந்து பாருங்கள். வாலிபர்கள் மூச்சு வாங்க ஓடுவதைக் காணலாம். எதற்கு? போலீசில் சேருவதற்கு!

காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பத்து வினாடி கூடினாலும் வெளியேதான். சட்டம் அப்படி. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், வெளியே வந்த பையனை ஊர் என்ன சொல்கிறது? "போலீசுக்கு ஓடித் தோற்றவன்" என்கிறது. சில நாளில் அவனும் அதையே நம்பி விடுகிறான். பெற்றோர் வைத்த பெயர் போய், பத்து வினாடி வைத்த பெயர் நிலைத்து விடுகிறது. இதுதான் கொடுமை.

இந்தப் பையனுக்குக் கடவுள் நம்பிக்கை கைகொடுக்குமா? இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் கோவிலில் கேட்டுப் பழகிய செய்தி ஒன்று இருக்கிறது. பவுல் என்ற அடியார், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறார். கொரிந்து பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய பந்தயம் நடக்கும். வென்றவனுக்குப் பரிசு, இலையால் கட்டிய ஒரு வளையம். நாலு நாளில் அது வாடி விடும்! வாடாத பரிசுக்காக ஓடுங்கள் என்பது பவுல் சொன்ன கருத்து.

சொல்வது எளிது. வாழ்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் அமெரிக்காவின் ரயன் ஹால். 1982-ல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் தம் ஊர் ஏரியைப் பார்த்தார். அதைச் சுற்றி ஓட வேண்டும் என்று தோன்றியது. பதினைந்து மைல்! தகப்பனாரோடு ஓடியும் முடித்தார். ஓடும் வரத்தைக் கடவுள் தந்தார் என்று அன்று முதல் நம்பினார்.

2007-ல் அரை மராத்தானை 59 நிமிடம் 43 வினாடியில் ஓடினார். 18 ஆண்டுகள் வரை எந்த அமெரிக்கரும் அதை மிஞ்சவில்லை. மராத்தான் என்பது 26 மைலுக்கும் மேல். 2011-ல் பாஸ்டன் நகரில் அதை 2 மணி 4 நிமிடம் 58 வினாடியில் ஓடினார். அதுவரை எந்த அமெரிக்கரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. கிடைத்தது என்னவோ நாலாவது இடம்தான்!

இடையில் அவர் பயிற்சியாளரை விட்டு விலகினார். ஊக்க மருந்துப் பரிசோதனைப் படிவத்தில் "பயிற்சியாளர் பெயர்" கேட்டிருந்தது. "கடவுள்" என்று எழுதினார். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கடவுளைப் பயிற்சியாளர் ஆக்கினால், தோல்வியின் பழியும் அவர் தலையில்தான் விழும். நம்பிக்கை என்பது ஜெயிக்க வைக்கும் தாயத்து அல்லவே!

பிறகு என்ன நடந்தது? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பாதி வழியில் நின்று விட்டார். உடல் ஓய்ந்தது. தீராத களைப்பு. 2016 ஜனவரியில், 33 வயதில், பந்தயத்தை விட்டார்.

ஓட்டம்தான் ஆள் என்றால், அன்றோடு ஆள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் அவரும் அவர் மனைவியும் எத்தியோப்பியாவிலிருந்து நாலு பெண் குழந்தைகளைத் தத்து எடுத்திருந்தார்கள். நாலு பேரும் உடன்பிறந்த சகோதரிகள். அந்த வீட்டில் அவர் ஓட்டக்காரர் அல்ல, அப்பா!

இன்னொருவர், எரிக் லிடெல். தூர ஓட்டக்காரர் அல்ல. ஆனாலும் அவரை விட முடியாது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டர் பந்தயத்தையே விட்டவர். 400 மீட்டரில் தங்கம் வென்றார். மறு ஆண்டே புகழை உதறிவிட்டுச் சீனாவுக்கு ஊழியம் செய்யப் போனார். ஈரோடு, நாகர்கோவில் பக்கங்களில் பள்ளிகள் நடத்திய அதே லண்டன் மிஷன்தான் அவரையும் அனுப்பியது. யுத்த காலத்தில் ஜப்பானியர் அவரை முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் சண்டை போட்டுக் கொண்டார்கள். ஒலிம்பிக்குக்கு மசியாத அந்த மனிதர், பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமையில் நடுவராக வந்து நின்றார். 1945-ல், 43 வயதில், அந்த முகாமிலேயே இறந்தார்.

என் கட்சி இதுதான். நம்பிக்கை யாரையும் பத்து வினாடி வேகமாக ஓட வைக்காது. ஓடுவதற்கு முன்பே "நீ என் பிள்ளை" என்று ஒருவர் சொல்லி விட்டார் என்ற தெம்பைத் தரும். கோவிலில் கேட்கும் அதே சொல் வீட்டிலும் கேட்க வேண்டாமா? தேர்வில் தோற்று வந்த பையனுக்கு முதலில் சோற்றைப் போடுங்கள். எத்தனை நிமிடம் என்பதைப் பிறகு கேட்கலாம். மறுபடி ஓடுவதா, வேறு வேலை பார்ப்பதா என்பதையும் அவன் வயிறு நிறைந்த பிறகு பேசலாம்.

நம் நாட்டில் தூரப் பயணம் என்றால் ஓட்டத்தைவிட நடைதான் பழக்கம். ஆகஸ்ட் 29-ந் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்கு முன்பே காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக மக்கள் நடக்கிறார்கள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கிழவிகளும் நடக்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகளும் நடக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவரும் உண்டு. போய்ச் சேர்ந்தவர்களிடம், "யார் முதலில் வந்தது?" என்று எவரும் கேட்பதில்லை. "கால் கொப்புளம் ஆறிவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள்.