உடையாத கியர்பாக்ஸ் உண்டா?

வேகக் கார்களின் ஆட்டோமாடிக் கியர்பாக்ஸுக்கு உரமேற்றுகிறவர்கள் முதலில் கற்கும் பாடம்: ஒரு பாகத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பாகம் உடைய ஆரம்பிக்கும்.

1970 மார்ச் 8. கலிபோர்னியாவில், லாங் பீச் அருகே லயன்ஸ் பந்தயத் தடம். கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்று பார்க்கும் டிராக் பந்தயத்தின் முடிசூடா மன்னரான டான் கார்லிட்ஸ் காரைக் கிளப்பிய கணத்தில், அவர் காலடியில் இருந்த இரண்டு வேக கியர்பாக்ஸ் வெடித்துச் சிதறியது. கார் இரண்டு துண்டானது. வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. சிதறிய உலோகம் வேடிக்கை பார்க்க வந்த ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து மீண்ட கார்லிட்ஸ் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓட்டுநருக்குப் பின்னால் போக வேண்டும். அப்படிக் கட்டிய காருடன் 1971-ல் போமோனாவில் வென்றும் காட்டினார். சில ஆண்டுகளில் அந்த வகைப் பந்தயக் கார்கள் எல்லாமே அவர் வழிக்கு வந்துவிட்டன. ஆனால் ஆபத்தை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் தள்ளிவைப்பது பாதித் தீர்வுதான். வெடிக்காத கியர்பாக்ஸைச் செய்வது மீதிப் பாதி. சாலையில் ஓடும் கார்களை முடுக்கிவிட்டுப் பந்தயத்துக்கு வருகிறவர்களுக்கு இந்த மீதிப் பாதிதான் முக்கியம். அவர்களுடைய கியர்பாக்ஸ் இன்றும் முன்னிருக்கைகளுக்கு நடுவே, மெல்லிய தகரத்துக்குக் கீழே இருக்கிறது.

சிக்கலைப் புரிந்துகொள்ள எளிய கணக்கு போதும். 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இன்ஜினை ஜெனரல் மோட்டார்ஸ் 1964-ல் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமாடிக் 400 கியர்பாக்ஸுடன் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். கார் நின்ற நிலையில் கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் அந்த விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். ஆக, கியர்பாக்ஸின் உள்ளே நுழையும் தண்டுக்கு 1,200. முதல் கியரின் விகிதம் 2.48. வெளியேறும் தண்டில் கிட்டத்தட்ட 3,000 நியூட்டன் மீட்டர். சாதாரண டயர் என்றால் வழுக்கிச் சுழன்று இந்த அதிர்ச்சியைக் கரைத்துவிடும். பந்தய டயர் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதிர்ச்சி முழுவதும் உலோகத்தின் தலையில்தான் விடியும்.

முதலில் முறுக்கிக்கொள்வது உள்ளே நுழையும் தண்டு. அதைத் தடிமனாக்கினால் பலன் அபாரம். தண்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், விட்டத்தை 10 சதவீதம் கூட்டினாலே வலிமை 33 சதவீதம் கூடும். ஆனால் கியர்பாக்ஸுக்குள் இடம் ஏது? எனவே உலோகத்தை மாற்றுகிறார்கள். விமானங்களின் தரையிறங்கும் கால்களுக்குப் பயன்படும் 300எம் என்ற உருக்கு இங்கே பிரசித்தம். சாதாரண மென்னுருக்கைவிட நாலைந்து மடங்கு இழுவிசையைத் தாங்கும்.

நல்ல உருக்கு வாங்கிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. உலோகம் ஒரே அடியில் உடைவது அபூர்வம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று மேற்பரப்பில், பெரும்பாலும் வரிப்பற்களின் மூலையில், பிறக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. ஒரு நாள் தண்டு போய்விடும். இதைத் தடுக்கச் சிறு உருக்குக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பைத் தட்டுகிறார்கள். தட்டுப்பட்ட தோல் இறுகி அமுக்கத்தில் இருப்பதால் விரிசல் வாய் திறக்கச் சிரமப்படும். வெளித்தோலை மட்டும் கடினமாக்கி, உள்ளே வளைந்துகொடுக்கும் தன்மையை விட்டுவைப்பது இன்னொரு முறை. முழுக்கக் கடினமான தண்டு கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

அடுத்தது கிளட்ச். ஐந்து தட்டு இருந்த டிரம்மில் ஆறாவதைச் சேர்த்தால், மற்றவை மாறாதவரை, பிடிப்பு 20 சதவீதம் கூடும். எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தினாலும் பிடிப்பு கூடும். ஆனால் பம்ப் இன்ஜினிடமிருந்து கூடுதல் சக்தியைத் தின்னும், கியர் மாறும்போது இடி மாதிரி விழும். அந்த இடி நேராகத் தண்டுக்கும் பல்சக்கரங்களுக்கும் போகும். தொல்லை இடம் மாறுகிறது, ஒழிவதில்லை.

இதன் விபரீத உதாரணம் கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727. 1962-ல் வந்த இந்த மூன்று வேகப் பெட்டி நல்ல உழைப்பாளி என்று பெயரெடுத்தது. முதல் கியரில், ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் உருளை கிளட்ச் ஒன்று பல்சக்கரக் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. டயர் சுழன்று திடீரென்று தரையைப் பற்றும் அதிர்ச்சியில் அது உடைந்தால், முன் கிளட்ச் டிரம் இன்ஜினைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகத்தில் சுழலத் தொடங்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால் டிரம் 17,500. சுழலும் பொருளின் உள்ளே எழும் தகைவு வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால் டிரம்முக்கு ஆறு மடங்குக்கும் மேற்பட்ட சுமை. வார்ப்பிரும்பு டிரம் குண்டாக மாறித் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பரிகாரங்கள் மூன்று. உருளை கிளட்சைப் போல்ட் போட்டு இறுக்குவது. முதல் கியரில் ஒரு பட்டையும் சேர்ந்து பிடிக்கும்படி எண்ணெய்ப் பாதையை மாற்றுவது. டிரம்மையே முழு உருக்குக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பது. இத்தனைக்குப் பிறகும் வெடித்தால்? அதற்குத்தான் கவசம். எஸ்.எஃப்.ஐ. 4.1 தரச்சான்று பெற்ற உறையைக் கியர்பாக்ஸுக்குப் போர்த்தாத வேகக் கார்களை அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. பந்தய அமைப்பு தடத்தில் இறங்கவே விடுவதில்லை. எந்தப் பாகமும் ஒருநாள் உடையும் என்ற அனுமானத்தில் எழுதிய விதி அது.

வேடிக்கை என்னவென்றால், பந்தயக்காரர்கள் பெரிதும் நம்பும் பெட்டிகளில் ஒன்று குடும்பக் காருக்காகச் செய்தது. செவ்ரலேயின் பவர்கிளைட் 1950-ல் வந்தது, 1973-ல் நின்றது. கியர் இரண்டே இரண்டு. உள்ளே பாகங்கள் குறைவு, எனவே உடையக்கூடியவையும் குறைவு, வீணாகும் சக்தியும் குறைவு. இன்று தண்டு, பல்சக்கரம், டிரம், வெளிக்கூடு எல்லாமே தனித்தனியாகப் புதிதாகக் கிடைக்கின்றன. 1,000 குதிரைத்திறனைத் தாண்டிய கார்களில் ஓடும் பவர்கிளைட்டில் செவ்ரலே செய்த பாகம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

தொழிற்சாலைகளும் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டன. ஜெர்மனியின் இசட்.எஃப். வடிவமைத்த எட்டு வேகப் பெட்டிகளின் பெயரிலேயே தாங்கும் அளவு இருக்கிறது. 8எச்பி70 என்றால் சுமார் 700 நியூட்டன் மீட்டர், 8எச்பி90 என்றால் 900. அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் 840 குதிரைத்திறன் கொண்ட 2018 டீமன் காரில் இந்தத் 'தொண்ணூறை' வைத்தது. இன்ஜின் தருவதோ 1,044. பெயர்ப்பலகையைத் தாண்டிய இந்தச் சுமையைச் சமாளிக்க, சோதனைக்கூடத்தில் மாதக்கணக்கில் உடைத்துப் பார்க்கும் வசதி பெரிய நிறுவனத்துக்கு உண்டு. தெருமுனைப் பட்டறைக்கு இல்லை.

இந்திய வாகன உரிமையாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். லேப்டாப்பைச் செருகி சில நிமிடங்களில் இன்ஜினின் முறுக்குவிசையை ஏற்றித் தரும் வியாபாரம் நம் நகரங்களிலும் நடக்கிறது. இன்ஜினுக்கு மென்பொருள் மாறுகிறது. கிளட்சும் தண்டும் மாறுவதில்லை. 2022-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸின் 1.5 லிட்டர் இன்ஜின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. அதனுடன் வரும் ஏழு வேக இரட்டை கிளட்ச் பெட்டியின் அளவும் 250-தான். தொழிற்சாலைக் கணக்கில் இது சரியான ஜோடி. மேலே ஏற்றுகிறவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் கியர்பாக்ஸ் சட்டப்பிரிவைப் பார்த்து உடைவதில்லை. தன் பலம் எவ்வளவு, தன்மேல் ஏற்றிய சுமை எவ்வளவு என்பதை மட்டுமே பார்க்கிறது. இன்ஜினுக்குச் செலவிடுகிறவர் கியர்பாக்ஸுக்கும் அதே அளவு எடுத்துவைக்க வேண்டும். அதற்குக் கையில் காசில்லை என்றால் இன்ஜினைத் தொடாமல் விடுவதே லாபம்.