பாயசம் குற்றவாளி அல்ல!

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது, சகோதரிகளே! வாதி நான்; பிரதிவாதி என் மருமகள். வழக்குக்குக் காரணம், ஏழு வயதுப் பேத்தியின் கடைவாய்ப் பல்லில் விழுந்திருந்த ஒரு கறுப்புக் குழி.

"வெள்ளிக்கிழமை தவறாமல் பாயசம் வைத்து இரண்டு கிண்ணம் ஊற்றிக் கொடுக்கிறாயே, பல் சொத்தையாகாமல் என்ன செய்யும்?" என்று குற்றம் சாட்டினேன். அவள் பதில் பேசவில்லை. மறு நாள் மூவருமாகப் பல் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அம்மாள் குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். "எவ்வளவு?" என்று கேட்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவரோ விரல் விட்டு எண்ணச் சொன்னார். காலையில் சர்க்கரை போட்ட பால். பள்ளிக்கூடம் கிளம்பும்போது கையில் ஒரு பிஸ்கட். இடைவேளைக்கு ஒரு சாக்லெட். மாலையில் வந்ததும் கடலை மிட்டாய். பாடம் படிக்கையில் வாயில் அடக்கிக்கொள்ள ஓர் ஆரஞ்சு மிட்டாய். சாதம் வேண்டாமென்று அடம் பிடித்தால் இன்னொன்று. படுக்கப் போகுமுன் மறுபடியும் சர்க்கரைப் பால். ஆக, ஏழு விரல்கள் மடங்கின. அவற்றில் ஐந்து, பாட்டியின் கைங்கரியம்!

"ஒரேயடியாகக் கொடுத்தால்தானே கெடுதல்? நான் ஒவ்வொன்றாகத்தானே கொடுத்தேன்?" என்றேன்.

"அதுதான் அம்மா, தப்பு" என்றார் டாக்டர்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் பற்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் படலமாகப் படிந்திருக்கின்றன. நாம் இனிப்பு தின்றால் அவற்றுக்கும் விருந்துதான். அவை சர்க்கரையைச் சில நிமிஷங்களிலேயே அமிலமாக மாற்றிவிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. நல்ல வேளையாக நம் எச்சில் சும்மா இருப்பதில்லை. சுமார் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் அந்த வேலை முடியுமுன்பே அடுத்த மிட்டாய் வந்து விழுந்தால்? பழுது பார்க்க நேரம் ஏது!

இதை உலகுக்குக் காட்டிய பரிசோதனை ஸ்வீடன் தேசத்தில், வீபெஹோல்ம் என்ற மருத்துவமனையில் 1940களின் மத்தியில் தொடங்கி நடந்தது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு நடுநடுவே பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கோ மளமளவென்று பெருகியது. இதற்கு ஆளானவர்கள், மறுத்துச் சொல்லவும் முடியாத மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள் என்பதைக் கேட்டபோது என் மனம் கனத்துப் போயிற்று. ஸ்வீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்கிற வழக்கம் பரவியதற்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

நம் பெரியவர்கள் இலையிலேயே பாயசத்தைப் பரிமாறினார்கள். எழுந்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். அந்த ஒழுங்கு பல்லுக்கு எவ்வளவு உகந்தது பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமைப் பாயசம் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

"போகட்டும், பால் பல்தானே? விழுந்து முளைத்துவிடும்" என்று சமாதானம் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது ஆயுள் முழுவதற்குமான பல்! விழாமல் முளைப்பதால் தாய்மார்கள் அதைப் பால் பல் என்றே நினைத்து ஏமாந்துவிடுகிறார்களாம். என் பேத்திக்குக் குழி விழுந்தது அந்தப் பல்லில்தான். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. தெய்வாதீனமாகக் குழி ஆழமாகவில்லை. அன்றே அடைத்து அனுப்பினார்.

அவர் சொன்ன மற்ற யோசனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்:

வெல்லமும் தேனும் உசத்தி என்று எண்ண வேண்டாம். பல்லைப் பொறுத்தவரை அவை சர்க்கரையின் தங்கைகளே.

பிஸ்கட்டும் ரஸ்க்கும் பல்லின் பள்ளங்களில் மாவாக அப்பிக்கொள்ளும். இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய் கொடுக்கலாம்.

கைக்குழந்தையைப் பால் புட்டியோடு தூங்க விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு. பால் பல்லிலேயே தங்கிவிடும்.

கலர், கோலா, எலுமிச்சம்பழ ரசம் இவற்றின் புளிப்பே எனாமலை மிருதுவாக்கும். குடித்தவுடன் பல் தேய்க்காமல் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறுங்கள். மசக்கையில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இதே விதிதான்.

இரவில் ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது.

நமக்கும் ஒரு கணக்கு உண்டு. வயது வந்தவருக்கு ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு. அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு தேக்கரண்டி. வேளைக்கு இரண்டு கரண்டி போட்டு ஐந்து தடவை காப்பி குடிக்கும் சகோதரி, காப்பியிலேயே பத்தைத் தீர்த்துவிடுகிறாள்!

வழக்கில் தோற்றவள் நான். வீடு திரும்பியதும் மிட்டாய் டப்பாவை மருமகளிடம் ஒப்படைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழுவித் துடைத்து, வறுத்த கடலையை நிரப்பி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "குழந்தை உங்களிடம்தானே அம்மா கேட்பாள்?" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாயசத்தை நானே வைத்தேன். முதல் கிண்ணம் மருமகளுக்கு!