பேருவும் கொய்யாவும்

மார்கழிக் குளிரில் தாபோடியின் தெருக்களில் "பேரு, பேரு" என்று கூவிப் பழம் விற்பர். மராத்தியர் பேரு என்பதையே நாம் கொய்யா என்கிறோம். ஆனால் நோயுற்ற உறவினரைக் காணச் செல்லும்போது இப்பழத்தை வாங்குகிறோமா? இல்லை, ஆப்பிளையே தேடுகிறோம். விலை குறைந்த பொருள் பயனிலும் குறைந்தது என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கொய்யாவைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் முற்றிலும் தவறு என்பதே என் கருத்து.

நூறு கிராம் கொய்யாவில் உயிர்ச்சத்து 'சி' 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. ஆரஞ்சில் ஏறத்தாழ 50. ஆப்பிளிலோ 5 அளவே. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. எனவே ஒரு பழத்தில் பாதியே போதும். நார்ச்சத்திலும் கொய்யா ஆப்பிளினும் இருமடங்கு மிக்கது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர். கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றில் இரும்புச்சத்து இருந்தும் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. உயிர்ச்சத்து 'சி' உடன் சேர்ந்தால் அது நன்கு ஏற்கப்படும். ஆகவே மதிய உணவுப் பெட்டியில் சில கொய்யாத் துண்டுகளை வைப்பது அறிவுடைய செயல். தோலை நீக்காமல், நன்கு கழுவி, பச்சையாகவே உண்ண வேண்டும். காய்ச்சிச் செய்யும் ஜாமில் அச்சத்து பெரிதும் அழிந்துவிடும்.

"குளிர்காலத்தில் கொய்யா தின்றால் சளி பிடிக்கும்" என்று அம்மா கூறலாம். சளியைத் தருவது நுண்கிருமியேயன்றிப் பழமன்று. அதுபோலவே, கொய்யா எல்லா நோயையும் தீர்க்கும் என்று கூறுவோரையும் நம்ப வேண்டா. கொய்யா இலைக் கஷாயத்தை வயிற்றுப்போக்கிற்குத் தருவது பழைய வழக்கம். எனினும் அது மருத்துவருக்கு மாற்றாகாது.

இப்பழம் அமெரிக்காக்களின் வெப்பமண்டல நிலங்களைச் சார்ந்தது; போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. ஆயினும் அதன் புகழ்பெற்ற இனம் ஒன்று உங்கள் அண்டையிலேயே தோன்றியது! முளா ஆற்றின் ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால், சற்றுத் தொலைவில் கணேஷ்கிண்ட் உள்ளது. அங்கிருந்த பழ ஆராய்ச்சி நிலையத்தில் 1927ஆம் ஆண்டு டாக்டர் சீமா என்னும் அறிஞர், லக்னோ விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். லக்னோ 49 எனப்பட்ட அது பின்னர் சர்தார் என்றும் பெயர் பெற்றது. பழனியை அடுத்த ஆயக்குடித் தோப்புகளிலும் அது காய்க்கிறது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, "நம்மூர்ப் பழம்" என்று நீங்கள் கடிப்பது பூனாவில் பிறந்த இனமாக இருக்கலாம்.

பள்ளி விளையாட்டு விழாவில் நிறமூட்டிய குளிர்பானத்திற்கு மாற்றாகக் கொய்யாத் துண்டுகளை வழங்குமாறு ஆசிரியரிடம் விண்ணப்பிக்கலாம். மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவினால் மறுப்பவர் இரார். உப்பு மட்டும் சற்றுக் குறைவாக இருக்கட்டும்.