கருணை மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

கிறித்தவ மருத்துவமனை என்றதும் நம்மில் பலருக்கு இரண்டே எண்ணங்கள் தோன்றுகின்றன. ஒன்று, வெள்ளை உடையும் மாறாப் புன்னகையும் கொண்ட கன்னியாஸ்திரி. மற்றொன்று, "மதம் மாற்றத்தானே கட்டினார்கள்!" என்னும் பேச்சு. இரண்டுமே அரைகுறை எண்ணங்கள் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாகக் குண்டூர் புனித சூசையப்பர் மருத்துவமனையின் கதையை உங்கள் முன் வைக்கிறேன். குண்டூர் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. ஆனால் இக்கதை தொடங்கும் 1920ஆம் ஆண்டில் அது நம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம்.

அம்மருத்துவமனையை வளர்த்து ஆளாக்கியவர் மேரி குளோரி என்னும் ஆஸ்திரேலிய நாட்டு மாது. 1887இல் விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப்பாடம் எடுத்து, பின்னர் மருத்துவத்துக்கு மாறி, 1910இல் பட்டம் பெற்றார். மெல்போர்ன் நகரில் கண் மருத்துவராக நல்ல நிலையில் இருந்தவரின் கைக்கு 1915இல் ஒரு சிறு பிரசுரம் வந்து சேர்ந்தது. ஆக்னஸ் மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவரைப் பற்றியது அது. இராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை காண உழைத்து, 1913இல் மறைந்தவர் மக்லாரன். இந்தியப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பெண் மருத்துவரோ கிடையாது. ஆகவே தாயும் சேயும் மாண்டு போகின்றனர் என்ற செய்தி குளோரியை உலுக்கிவிட்டது. உடனே கப்பலேறிவிட்டாரா? இல்லை! பேறுகாலம், பெண்கள் நோய், கண் ஆகிய துறைகளில் மேற்படிப்புப் படித்து, 1919இல் எம்.டி. பட்டத்தையும் வாங்கிக்கொண்ட பிறகே புறப்பட்டார். 1920 பிப்ரவரியில் குண்டூர் வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த செய்தி. கன்னியாஸ்திரி ஒருவர் மருத்துவம் பார்ப்பதை அன்றைய திருச்சபைச் சட்டமே அனுமதிக்கவில்லை! உரோமாபுரியின் தனி அனுமதியின்றித் துறவியர் மருத்துவத் தொழில் செய்யலாகாது. அதிலும் பிள்ளைப்பேறு பார்ப்பது கன்னியருக்கு அறவே ஆகாது என்பது விதி. எந்தப் பணிக்கு ஆளில்லாமல் பெண்கள் செத்தார்களோ, அந்தப் பணியே விலக்கப்பட்ட பணி. நோயாளியின் அருகில் அமர்ந்து செபிக்கலாம், நெற்றியைத் துடைக்கலாம். உயிரைக் காக்கும் கத்தியைத்தான் எடுக்கக் கூடாது. கருணைக்கு அங்கே குறைவில்லை. படிப்புக்கும் உரிமைக்கும்தான் பஞ்சம். போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி பெற்றே குளோரி பணியாற்றினார். இராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் 1925இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கி, விதியை மாற்றும்படி விடாது வாதாடினார். 1936இல்தான் உரோமாபுரி இறங்கி வந்தது. தடை நீங்கியது மட்டுமன்று. கன்னியர் மருத்துவப் பட்டமும் பெற வேண்டும் என்றே அந்த ஆணை கூறிற்று. பெண்கள் வாதாடி வாங்கிய உரிமை என்றே இதை நான் படிக்கிறேன்.

குண்டூரில் குளோரி செய்தவற்றை விரிக்கின் பெருகும். தெலுங்கு கற்றார், மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார், நம் நாட்டு மூலிகைகளின் குணங்களையும் கேட்டறிந்து பயன்படுத்தினார். (அந்த ஊரில் அவர்தாம் முதல்வர் என்று எண்ணிவிட வேண்டாம். லுத்தரன் சபையின் அன்னா கூக்ளர் என்ற அமெரிக்க மருத்துவர், அங்கே பெண்களுக்கென மருத்துவமனை நடத்தி வந்தார்.) இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. உள்ளூர்ப் பெண்களுக்கே மருந்து கலக்கவும், செவிலியர் பணி செய்யவும், பேறு பார்க்கவும் அவர் பயிற்சி அளித்தார். என் பாட்டி கையெழுத்துப் போட அறியாதவர். பெற்ற பிள்ளைகளில் பாதியை மண்ணுக்குக் கொடுத்தவர். அவர் காலத்தில் எங்கள் ஊரில் பயிற்சி பெற்ற ஒரே ஒரு பெண் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவள் என்ற முறையில், அந்தப் பயிற்சி வகுப்புகளை நான் கட்டடங்களைவிட உயர்வாக மதிக்கிறேன்.

1943இல் குளோரி, கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று அதில் 3,000க்கு மேற்பட்ட நிலையங்கள் உறுப்பினர்களாக உள்ளன. இந்நாட்டில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. 1957இல் பெங்களூரில் புற்றுநோயால் மறைந்த அவர் அதைக் காணவில்லை. 1963இல் அதே நகரில் புனித ஜான் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. அங்கே பயின்றவர்கள் சில காலம் கிராமப்புறத்தில் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. மருத்துவமனையின் குறிக்கோள் எது என்று என்னைக் கேட்டால், சுவரில் மாட்டிய வாசகத்தை அன்று, இந்த நிபந்தனையைத்தான் காட்டுவேன்.

மதமாற்றம் பற்றி? அவர்கள் தம் நம்பிக்கையால் உந்தப்பட்டு வந்தவர்கள். அதை மறைக்கவும் இல்லை. நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஆனால் வலியோடு வாசலில் நிற்பவளிடம் மருத்துவமனை முதலில் என்ன கேட்கிறது என்பதே என் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தியை நள்ளிரவில் பேறுவலியோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். தெய்வத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனைதான். எந்த மதத்துத் தெய்வம் என்பது இங்கே வேண்டாம். அங்கே யாரும் எங்கள் மதத்தைக் கேட்கவில்லை. முன்பணம் கட்டிய ரசீதைத்தான் கேட்டார்கள். அதே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குத் திரும்பினோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது.

சேவையின் பெயரால் நிலமும் நன்கொடையும் பெற்று எழுந்த மருத்துவமனைகள், எந்தச் சமயத்தாருடையவை ஆயினும், ஆண்டுதோறும் எத்தனை ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் பேறு பார்த்தோம், கிராமத்துப் பெண்கள் எத்தனை பேருக்குச் செவிலியர் பயிற்சியில் இடம் தந்தோம் என்ற இரு கணக்கையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். எழுதக் கூசுகிறவர்கள் மேரி குளோரியின் படத்தைக் கூடத்தில் மாட்டிப் பயனில்லை.