கைவேலையும் கைதேர்ந்தவர் வேலையும்

சிக்கனம் நம் மலைநாட்டுக் குடும்பங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டிய பாடமன்று. கிழிந்த சட்டையைத் தைத்து அணிவதும், ஒழுகும் கூரைத் தகரத்தைத் தாமே ஏறி அடைப்பதும் லயத்து வாழ்க்கையில் அன்றாட நிகழ்ச்சிகள். இப்பழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் நம் கையால் செய்யத்தக்க வேலை எது, கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்கத்தக்க வேலை எது என்று பகுத்தறிவதும் சிக்கனத்தின் ஒரு பகுதியே ஆகும். வாகனத்தின் பிறேக்கை உதாரணமாகக் கொண்டு இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் பழைய வான்களும் கார்களுமே தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், நோயாளரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கும் சுமந்து சென்றன. வாகனம் முதுமை அடைந்தால் அதன் உறுப்புகளும் முதுமை அடையும். அவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது பிறேக்.

ஊவாவின் நில அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஹப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளையோ சுமார் 680 மீற்றரில். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய ரயில் பாதை, தெமோதரையில் வளையமிட்டுத் தன்னையே கீழாகக் கடந்து, நிதானமாக இறங்குகிறது. வீதிக்கு அந்தப் பொறுமை இல்லை. 1,000 கிலோகிராம் நிறையுள்ள வாகனம் ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்கும்போது இழக்கும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறுமானால், 20 லீற்றருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். சாரதி தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதன் பெரும்பகுதியைப் பிறேக்கே தாங்க வேண்டும்.

பெரும்பாலான கார்களிலும் வான்களிலும் முன்சக்கரத்துடன் ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதைக் கிடுக்கி போல் இருபுறமும் கவ்வும் உறுப்புக்குக் கலிப்பர் என்று பெயர். மிதியை அழுத்தியதும் குழாயிலுள்ள பிறேக் எண்ணெய் அவ்வழுத்தத்தைக் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனுக்குக் கொண்டு செல்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எப்பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதியே இதற்கு அடிப்படை. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது யார்? அதைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு றப்பர் வளையந்தான். பிஸ்டன் நகரும்போது முறுகும் வளையம், அழுத்தம் நீங்கியதும் தன் பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனையும் உடன் இழுக்கிறது.

மழையும் மூடுபனியும் சேறும் மிகுந்த வீதிகளில் ஓடும் வாகனத்தில் பிஸ்டனைத் துரு பிடிப்பதும், வளையம் இறுகிப்போவதும் வியப்பன்று. அப்போது பிஸ்டன் திரும்பாது; பிறேக் கட்டை தட்டை உரசிக்கொண்டே இருக்கும்; வெப்பம் ஏறும். பிறேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டொட் 4 எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் அளவு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 155 பாகையாகக் குறைகிறது. எண்ணெய் கொதித்து ஆவியானால், ஆவி அழுத்தத்துக்கு ஒடுங்கிவிடும். மிதி தரையைத் தொடும், வாகனமோ நிற்காது.

2021 மார்ச்சில் பசறை – லுணுகலை வீதியிலும், 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் வீழ்ந்தன. எல்ல விபத்தில் மாத்திரம் 15 பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் விசாரிப்போர் கூறட்டும். இம்மலைவீதிகள் தவறை மன்னிப்பதில்லை என்பதை நாம் அறிந்துகொண்டால் போதும்.

“நாலு ஆணியைக் கழற்றி மாட்டுவதற்குக் கராஜ் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கழற்றுவது எளிதே. இறுகிய பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியேற்ற முயன்றால் அது தெறித்து விரலை நசுக்கக் கூடும். மண்ணெண்ணெயில் கழுவினாலோ சாதாரண கிறீஸ் தடவினாலோ றப்பர் வளையம் ஊதிக் கெடும். பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்தால் அதன் மேற்பூச்சு போய், முன்னிலும் விரைவில் துருவேறும். எல்லாம் சரியாகச் செய்தும் குழாயில் சிறிது காற்று தங்கிவிட்டால், சமதரையில் தெரியாத குறை முதல் இறக்கத்தில் வெளிப்படும்.

தொழிலறிந்தவர் கலிப்பரை முழுவதும் பிரித்து, துருவை நீக்கி, வளையங்களையும் தேய்ந்த பிஸ்டனையும் மாற்றி, அழுத்தம் கொடுத்து ஒழுக்குப் பார்த்துத் தருவார். வளையம் அமரும் பள்ளம் அரித்திருந்தாலோ உடலில் வெடிப்பு இருந்தாலோ, “இது திருத்தத்துக்கு ஆகாது” என்றும் சொல்வார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரே நல்ல தொழிலாளி. வெளியே வர்ணம் பூசி மினுக்கித் தருவது புதுப்பித்தல் ஆகாது. ஆகவே மாற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடம் வலம் இரண்டையும் ஒருங்கே செய்விக்கச் சொல்லுங்கள்.

வான் ஓட்டிப் பிழைப்பவருக்குக் கூலியை விட, வண்டி நிற்கும் நாட்களின் வருமானமே பெரிய இழப்பு என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கும் வழி உண்டு. பாடசாலை விடுமுறைக் காலத்தை முன்கூட்டியே இவ்வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். உரிமையாளர் தாமே செய்ய வேண்டியவையும் உண்டு: எண்ணெயின் மட்டத்தை வாரந்தோறும் பார்த்தல், பிறேக் பிடிக்கையில் வண்டி ஒருபுறம் இழுக்கிறதா என்று கவனித்தல், ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மாத்திரம் மிகுந்த அனல் வீசுகிறதா என்று தொடாமலே உணர்தல். இவற்றுக்குக் கருவி வேண்டியதில்லை; கருத்து இருந்தால் போதும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாகனத் திருத்தம் படிப்பு வராதவர்க்கென ஒதுக்கப்பட்ட தொழிலன்று. பஸ்காலின் விதியும் வெப்பவியலும் இரசாயனமும் அதில் அடங்கியுள்ளன. இந்நாட்டின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஏழு படிகளைக் கொண்டது; அதன் மேற்படிகள் பட்டத்துக்கு நிகரான நிலை வரை செல்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் இத்துறையில் முறையாகப் பயின்று தேர்ந்தால், நம் வாகனங்களை நம்பி ஒப்படைக்க நம் ஊரிலேயே ஆட்கள் இருப்பார்கள்.

கூரையை நாமே வேய்ந்தால், பிழைபட்டபோது நனைபவர் நாம் மட்டுமே. பிறேக்கில் பிழைபட்டால், பின்னாசனத்தில் புத்தகப் பையோடு அமர்ந்திருக்கும் அயல்வீட்டுப் பிள்ளையும் அதற்கு விலை கொடுக்க நேரும். கூலியைக் கணக்கிடும்போது அப்பிள்ளையையும் சேர்த்தே கணக்கிடுவோமாக.