சாயம் அடித்தால் போதுமா?

1945 செப்டம்பர் 9 அன்று, கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படையின் 25-ஆவது இந்திய டிவிஷன் தரையிறங்கியது. சேற்று மணலில் வண்டிகள் பல சிக்கிக்கொண்டன. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது. தோட்டப் பாதைகளில் கவச வண்டிகள் ரோந்து சுற்றின. பண்டமாரான் போன்ற புதுக்கிராமங்கள் முள்வேலிக்குள் எழுந்தன. இன்று அந்தக் காலத்துப் பழைய ராணுவ ஜீப்பை வாங்கிப் புதுப்பிப்பவர்கள், இஞ்சின் உறுமி, பச்சைச் சாயமும் காய்ந்தால் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சாயத்தைச் சுரண்டுமுன் சேசிஸ் எண்ணையும் பழைய படைக்குறிகளையும் படமெடுங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அந்த வண்டிகளைக் கண்டு ஒதுங்கி நின்ற தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஓட்டியவர் கதையைச் சொல்ல போர்ட்டிக்சனில் ராணுவ அரும்பொருளகம் உண்டு. வழிவிட்டவர் கதையை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.