புதைந்த லாரியும் ‘நிறுத்து’ என்னும் சொல்லும்

புனே நகரின் வடகிழக்குப் பகுதியில் உள்ளது விஷ்ராந்த்வாடி. பெயரிலேயே இளைப்பாறுதலைக் கொண்ட இடம். ஆளந்தியிலிருந்து ஆண்டுதோறும் பண்டரிபுரம் புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கு புனேவுக்குள் வரும் வழியில் இதைக் கடந்துதான் செல்கிறது. இதற்கு அப்பால் தானோரி, லோஹ்காவ், சர்ஹோலி என்று நகரம் விரிந்துகொண்டே போகிறது. நேற்றுவரை வயலாகவோ தரிசாகவோ கிடந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். ஜல்லியும் மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகள் தார்ச்சாலையை விட்டு அந்த மண்ணுக்குள் இறங்குகின்றன. மழைக்காலத்தில் அவற்றுள் சில புதைந்தும் போகின்றன.

லாரி புதைந்த பிறகு நடப்பவை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கொள்கிறது. உரிமையாளர் கைபேசியில் அவசரப்படுத்துகிறார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஜேசிபி வரவழைக்கப்படுகிறது. கிளீனர் சேற்றில் படுத்து, சேஸிஸுக்கு அடியில் கைவிட்டுச் சங்கிலியை மாட்டுகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் சங்கிலிக்கு இருபுறமும் நிற்கிறது. வண்டி வெளியே வந்துவிட்டால் அது சாமர்த்தியம். சங்கிலி அறுந்து ஒருவர் மேல் பட்டுவிட்டால் அது விதி. இடையில் கணக்கு என்ற ஒன்று இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. புதைந்த வண்டியை மீட்பது ஒரு பொறியியல் வேலை. அதைத் துரதிர்ஷ்டமாகவும் தோள்வலிமையாகவும் மட்டுமே பார்க்கும் பழக்கத்தின் விலையை ஓட்டுநரும் கிளீனரும்தான் கொடுக்கிறார்கள்.

முதலில் மண்ணைப் பார்க்கலாம். தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறை சிதைந்து உருவான கருமண், தமிழ்நாட்டின் கரிசலுக்கு உறவு. நீரை உறிஞ்சிப் பருக்கும் களிமண் கனிமங்கள் இதில் மிகுதி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்போல் இறுகும். மழையில் ஊறியதும் தாங்குதிறனை இழந்து வழுக்கும். இதைவிட ஏமாற்றுவது இடைப்பட்ட நிலை. இரண்டு நாள் வெயிலில் மேற்பரப்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அடியில் ஈரம் அப்படியே இருக்கும். ஆள் நடந்தால் தாங்கும் அந்தப் பொருக்கு, லாரியின் அச்சு ஏறியதும் உடைந்துவிடும்.

அடுத்தது எடை. 2018 ஜூலையில் ஒன்றிய அரசு சரக்கு வண்டிகளின் அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. அமெரிக்கத் தரைப்படையின் வண்டி மீட்புக் கையேடு எளிய கணக்கு ஒன்றைத் தருகிறது. சக்கர அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் மொத்த எடைக்குச் சமமான விசை தேவை. மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு. ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மும்மடங்கு. இதன்படி முழுச் சுமையோடு சக்கர அளவுக்கு அமிழ்ந்த லாரிக்கு 28.5 டன் இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை போய்விட்டால் 57 டன்.

இப்போது அழைத்து வரப்பட்ட ஜேசிபியைக் கவனிக்க வேண்டும். இத்தகைய பேக்ஹோ இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 8 டன். தரையைப் பற்றி இழுக்கும் எந்த வண்டியும் தன் எடையை விட அதிகமாக இழுப்பது அரிது. ஈர மண்ணில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆக, 28 டன் தேவைப்படும் இடத்தில் 4 டன் திறனை வைத்துக்கொண்டு போராட்டம் நடக்கிறது. சீராக இழுத்து முடியாது என்பதை அனுபவத்தால் உணர்ந்த இயக்குநர், சங்கிலியைத் தளர விட்டு, பின்னால் வந்து, வேகமெடுத்து வெட்டி இழுக்கிறார். அந்த ஒரு கணத்து அதிர்ச்சி விசைதான் சங்கிலியை அறுக்கிறது. கொக்கியைப் பிய்த்து எறிகிறது.

வேதனை என்னவென்றால், அதே ஜேசிபியால் அந்த லாரியை மீட்டிருக்க முடியும். அது தோண்டுவதற்காகப் படைக்கப்பட்ட இயந்திரம். சுமையாக இருக்கும் பல டன் ஜல்லியை அதன் வாளியாலேயே அள்ளி இறக்கிவிட்டால் எடை பாதிக்கும் கீழே போகும். சக்கரங்களுக்கு முன் சரிவாகத் தோண்டி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் அடியில் அப்பிய சேற்றை அகற்றி, சரிவில் கல்லும் பலகையும் இட்டால், எஞ்சும் தடை முதலில் இருந்ததில் சிறு பங்குதான். அதன்பின் இழுப்பது கடைசி வேலை; பெரும்பாலும் எளிய வேலை. சுமையைக் குறைக்க டிப்பரின் தொட்டியைத் தூக்குவது மட்டும் கூடவே கூடாது. சாய்ந்த நிலத்தில் தொட்டி உயர உயர எடை மையமும் உயர்ந்து, புதைந்த வண்டி கவிழ்ந்த வண்டியாகிவிடும்.

இழுக்கும் வடத்துக்கும் ஓர் இயல்பு உண்டு. இறுகிய எஃகு வடம் நாணேற்றிய வில்லைப் போன்றது. அறுந்தால் சேமித்து வைத்த ஆற்றல் முழுவதையும் ஒரே வீச்சில் வெளியிடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் வடத்தின் நீளத்துக்கு மேலான தூரத்தில் அனைவரையும் நிறுத்துகிறார்கள். கப்பி பயன்படுத்தினால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. கப்பியைச் சுற்றி வடம் திரும்பி வரும்போது, அந்தக் கப்பியைக் கட்டியிருக்கும் மரமோ கம்பமோ இழுவையைப் போல ஏறத்தாழ இரு மடங்கைத் தாங்க வேண்டியிருக்கிறது. லாரி அசையாமல் மரம் வேரோடு சாய்வது அதனால்தான்.

இவற்றை முன்பின் வரிசையில் வைப்பதற்குப் பெயர்தான் திட்டம். எஞ்சினை அணைத்தல், ஆட்களை எண்ணி விலக்குதல், மீட்க வரும் வண்டி நிற்கப்போகும் தரையைச் சோதித்தல், மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்தல், சுமை இறக்குதல், தோண்டுதல், எந்தத் திசையில் இழுப்பது என்று முடிவு செய்தல். வண்டி வந்த தடம் ஏற்கெனவே அந்த எடையைத் தாங்கிக் காட்டிய தரை என்பதால் பெரும்பாலும் பின்னோக்கி இழுப்பதே நல்லது. இத்தனைக்கும் பிறகே வடம். அண்ணாந்து பார்ப்பது சிறு விஷயமல்ல. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. கிரேனின் கையும் அதே உயரத்துக்குப் போகிறது.

இத்தகைய ஒழுங்கு தமிழ் மரபுக்கு அந்நியமானதும் அல்ல. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பேசும்போது வடம் பிடித்த ஆயிரம் கைகளையே எல்லாரும் நினைக்கிறார்கள். தேரை உண்மையில் நடத்துபவர்கள் சக்கரத்தோடு கூடவே நடந்து முட்டுக்கட்டை போடும் சிலர்தான். எப்போது நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கட்டையில் இருக்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை செய்பவரின் கெட்ட எண்ணம். தேரடியில் அது உயிர்காக்கும் தொழில்நுட்பம். இன்னும் பின்னே போனால், புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் காட்டும் உப்பு வணிகர்கள், மேடுபள்ளத்தில் என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்கிறார்கள். வண்டி நின்றுபோகும் என்பதைப் புறப்படும் முன்பே ஏற்றுக்கொண்ட மனநிலை அது. இன்றைய கட்டுமான முதலாளிகளிடம் அந்த முன்யோசனையைக் காண்பது அரிது.

விஷ்ராந்த்வாடியில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது. காரணம் அறிவின் அண்மை. விஷ்ராந்த்வாடியிலிருந்து ஆளந்தி செல்லும் சாலையிலேயே, திகியில், பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் பொறியாளர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. லாரிகளின் மேல் ஏற்றிச் சென்று, 15 மீட்டர் பகுதிகளாக 75 மீட்டர் வரை விரிக்கப்படும் சர்வத்ரா பாலம் அங்கே உருவானது. சதுப்பிலும் மணலிலும் வண்டிகள் புதையாமல் செல்வதற்கான விரிப்புத் தடமும் அங்கே வடிவமைக்கப்பட்டது. கட்கியில் பம்பாய் பொறியாளர் படைப்பிரிவு. தாபோடியில் இராணுவப் பொறியியல் கல்லூரி. புதைந்த வண்டியை மீட்பதைத் தனித் தொழிலாகவே கற்றுத்தரும் மின்னணு இயந்திரப் பொறியாளர் படையும் இந்திய இராணுவத்தில் 1943 முதல் இருந்துவருகிறது. மென்மண்ணில் வண்டி எப்படி நடக்கும் என்பதற்கு நாட்டிலேயே சிறந்த விடைகள் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்தப் பக்கம் கிளீனர் வெறுங்கையால் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறார்.

நகரின் நடுவே நிலைமை சற்று வேறு. 2024 செப்டம்பர் 20 அன்று புனே புதவார் பேட்டில், நகர அஞ்சலக வளாகத்தில் சாக்கடை தூர்வார வந்த மாநகராட்சி லாரி ஒன்று, தரை திடீரென உள்வாங்கியதில் பின்புறமாகக் குழிக்குள் இறங்கிப்போனது. ஓட்டுநர் உயிர் தப்பினார். தீயணைப்புப் படையினர் வந்தனர்; கிரேன் கொண்டு லாரி தூக்கப்பட்டது. அந்தக் காணொளி நாடெங்கும் சுற்றியது. நகரின் மையத்தில் விழுந்த லாரிக்குச் சீருடை அணிந்தவர்கள் வந்தார்கள். விளிம்பில், தகரத் தடுப்புக்குப் பின்னால் புதையும் லாரிக்கு யார் வருவார்கள் என்பதே கேள்வி.

சட்டத்திடம் இதற்கு விடை குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு பொது இடத்தில் கைவிடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்துவதைப் பேசுகிறது. 201ஆம் பிரிவு பழுதாகிப் போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் வண்டிக்கு அபராதம் விதிக்கிறது. இரண்டின் கவலையும் சாலை அடைபடக் கூடாது என்பதுதான். வண்டியை எப்படி எடுப்பது, எடுப்பவர் உயிருக்கு யார் பொறுப்பு என்பது அவற்றின் அக்கறைக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். ஒவ்வொரு லாரிக்கும் காகிதமும் கணக்கும் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அனுபவம் உள்ள கிரேன்காரருக்குப் புத்தகம் எதற்கு? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவருக்கு மண்ணைப் பார்த்ததுமே பல விஷயங்கள் தெரிந்துவிடும். அவரிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை, அதிகாரத்துக்குத்தான் பஞ்சம். சுமையை இறக்காமல் இழுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, மேலாளர் கத்துகிறார், ஜல்லியை இறக்கி மறுபடி ஏற்றும் கூலியை யார் தருவது என்று உரிமையாளர் கேட்கிறார். தெரிந்தே தவறைச் செய்ய வைக்கும் இந்த ஏற்பாட்டை மாற்றாமல், ஓட்டுநருக்குக் கவனம் போதவில்லை என்று சொல்வது எளிது, நியாயம் அல்ல.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. மழைக்கு முன்பே, கனரக வண்டி செல்லும் தடத்தைக் கல்லும் முரமும் கொட்டி இறுக்க வேண்டும் என்பதைக் கட்டட அனுமதியின் நிபந்தனையாக்கலாம். தாங்குதிறன் பொறிக்கப்பட்ட வடம், ஷேக்கிள், கப்பி ஆகியவற்றை வளாகத்திலேயே வைத்திருக்கச் சொல்லலாம். இராணுவத்தில் மீட்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைக் கொண்டு, கிரேன், ஜேசிபி இயக்குநர்களுக்கு ஐ.டி.ஐ.களில் குறுகிய காலப் பயிற்சி நடத்தலாம். பயிற்சிக்கு வரும் நாளுக்குக் கூலி தர வேண்டும். இல்லையேல் யாரும் வரமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முதலாவதாக, மீட்பு நடக்கும் இடத்தில் ஒரே ஒருவருக்கு ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் சொன்னால் எஞ்சின் அணைய வேண்டும். நின்ற நேரத்தின் வாடகை ஓட்டுநரின் கூலியில் பிடிக்கப்படக் கூடாது. சேற்றில் படுத்துக் கொக்கி மாட்டப்போகும் கிளீனருக்கும் மறுக்கும் உரிமை இருக்க வேண்டும். சேற்றில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் லாரிக்குப் பெரிய கேடு இல்லை. அறுந்த சங்கிலி பட்டவருக்கு அடுத்த நாள் என்பதே இல்லாமல் போகலாம்.